லாவெண்டரா, ஜாதிக்காயா, செராயா?

பினாங்கில் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று புட்டிகள் இருக்கின்றன. அம்மாவுடையது எங்கள் தீவின் பாலிக் பூலாவ் ஊர் ஜாதிக்காய்த் தைலம், மகளுடையது லாவெண்டர் எண்ணெய், வாசல் பக்கம் கொசுவுக்காக ‘செராய் வாங்கி’ எனப்படும் சிட்ரோனெல்லா புல் எண்ணெய். எது நல்லது என்று கேட்பவர்களிடம், எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தூக்கம் வராமல் புரள்பவருக்கு என் ஓட்டு லாவெண்டருக்கே. பதற்றம் சற்றுக் குறைகிறது, தூக்கம் கொஞ்சம் மேம்படுகிறது என்று சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. ஆனால் வாசனையை மறைத்துச் சோதிப்பது கடினம். எது லாவெண்டர் என்று முகர்ந்தவருக்கே தெரிந்துவிடுமே! வாசனை எண்ணெய்ச் சிகிச்சைக்கு அரோமாதெரபி என்ற பெயரைப் பரப்பிய பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கட்டஃபோசேயின் நூல் வந்தது 1937இல். 1910இல் ஆய்வக விபத்தில் வெந்த கையை அவர் லாவெண்டர் தொட்டியில் முக்க, உடனே ஆறிவிட்டது என்று பலர் கதை சொல்வார்கள். அவர் எழுதி வைத்தது வேறு: புண் அழுகத் தொடங்கிய பிறகு லாவெண்டர் எண்ணெயால் கழுவினார், அழுகல் நின்றது. அது ஒருவரின் அனுபவம், அவ்வளவுதான். அடுப்பில் சுட்டுக்கொண்டால் எண்ணெயைத் தேடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள்.

ஜாதிக்காய் நம் தீவின் பெருமை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மரவகை, இன்றும் பாலிக் பூலாவ் தோட்டங்களில் காய்க்கிறது. அம்மா இரவில் முழங்காலில் தேய்க்கும்போது அறையே மணக்கும், அவர் முகமும் தெளியும். ஆனால் இப்படி விற்கும் தைலங்களின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் மெந்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் இருக்கும், வலிக்கு இதமும் பெரும்பாலும் அவற்றால்தான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கவே கூடாது.

செராய் வாங்கியா? மணம் அருமை, கொசுவும் கொஞ்ச நேரம் அண்டாது. அப்புறம் ஆவியாகிப் பறந்துவிடும். டெங்கி கொசு பகலில், அதுவும் காலையிலும் அந்தி வேளையிலும் கடிக்கும். அதற்கு டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்த களிம்பைத்தான் நம்புகிறேன்.

லாவெண்டர், செராய் எண்ணெய்களை நீர்க்காமல் தோலில் போடாதீர்கள், எதையும் குடிக்கவே வேண்டாம். என் மகள் இரண்டு சொட்டு லாவெண்டரைக் கைக்குட்டையில் விட்டுத் தலையணை ஓரம் வைப்பாள். புட்டி மட்டும் தம்பி பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போய்விடும்.