நாகப்பட்டினத்து டச்சுப் பெண்ணின் வேர்களைத் தேட ஓர் ஆவணச் சேவை

டச்சுக்காரர் வசம் 1658 முதல் 1781 வரை இருந்த நாகப்பட்டினத்தில் வாழ்ந்த ஒரு டச்சுப் பெண்ணின் குடும்ப வரலாற்றைக் காரைக்குடியில் இருந்தபடியே தேட விரும்புவோருக்கு, ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையை மனதாரப் பரிந்துரைக்கிறேன். கட்டணம் இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல் சம்பளப் பேரேடுகளைப் பெயரைக் கொண்டு தேடலாம்.

ஆயினும் அவை சம்பளம் பெற்ற ஆண்களுக்காக எழுதப்பட்டவை. தாய்நாட்டில் விட்டுவந்த மனைவிக்கோ தாய்க்கோ ஆண்டுக்கு 3 மாதச் சம்பளம் சேரும்படி மாலுமி எழுதிக்கொடுத்த பத்திரங்களில்தான் பெண்கள் பெரும்பாலும் தென்படுகிறார்கள். எனவே, கடல் கடந்து இங்கு வந்து குடியேறிய பெண்ணைத் தேடுபவர் அவளுடைய தந்தை அல்லது கணவரின் பெயரிலிருந்து தொடங்குவதே நல்லது. டச்சுத் திருச்சபைப் பதிவுகளில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவது வழக்கம் என்பதால், ஒரு திருமணப் பதிவு கிடைத்தாலே தந்தைவழி தெரிந்துவிட வாய்ப்புண்டு. இசைகுடிமானம் என்னும் திருமணப் பதிவை எழுதித் திருமணம் செய்யும் நகரத்தார் நாட்டில், அத்தகைய ஏட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்க மிகுந்த பொறுமை வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் இருப்பதால், அவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.