முயல் அடிக்க ரைஃபிள் கேட்ட அண்ணனுக்கு: என் .177 ஏர் ரைஃபிள் ரிவ்யூ

முயல் அடிக்க எந்த ரைஃபிள் நல்லாருக்கும்னு டெக்ஸாஸ்ல இருக்க மச்சான் போன்ல கேட்டான், அதே கேள்விய நம்ம காரைக்குடி பக்கத்து பள்ளத்தூர் அண்ணன் ஒருத்தரும் கேட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மச்சானுக்கு .22 எல்.ஆர். ரைஃபிள் (.22 அங்குல 'லாங் ரைஃபிள்'ங்கிற சின்னத் தோட்டா போடுறது). அண்ணனுக்கு, "அண்ணே முயலை விட்ருங்க, பேப்பர் குறி அட்டைய அடிங்க"ன்னேன். அவருக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. அவருக்காகத்தான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன், நான் வாங்கி வீட்ல வச்சு அடிச்சுக்கிட்டு இருக்க ஏர் ரைஃபிளோட ரிவ்யூவும் இதுதான்.

மச்சான் கதைய சட்டுனு முடிச்சுர்றேன். அங்க ஹண்டிங் லைசென்ஸ் எடுத்துட்டா முயலுக்குன்னு தனி சீசன் கிடையாது, வருஷம் பூரா அடிக்கலாம். .22 எல்.ஆர்.ல சாதாரண 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு ஏறக்குறைய 140 ஜூல் சக்தியில போகும், முயலுக்கு அது தாராளம், கறியும் சிதையாது. ரூகர் 10/22ன்னு 1964லேந்து வர்ற செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த குண்டு தானா ஏறிக்கும்) ஒண்ணு இருக்கு, 10 ரவுண்டு மேகசின், அங்க நெறைய பேரு அதத்தான் கையில எடுக்குறாங்க. ஆனா என் கணக்குல புதுசா பழகுறவனுக்கு போல்ட் ஆக்ஷன்தான் நல்லது, ஒவ்வொரு குண்டுக்கும் கைய வச்சு இழுக்கணும்ல, அந்த நேரத்துல கொஞ்சம் யோசிப்பான். இன்னொண்ணு, .22 குண்டு சின்னதா இருக்கேன்னு அசால்ட்டா இருக்கக்கூடாது, ஒரு கிலோமீட்டரத் தாண்டியும் போகும், பின்னாடி மண்மேடு இல்லாம சுடவே கூடாது.

இப்ப நம்ம ஊரு. இங்க .22க்கே கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் வேணும். சரி லைசென்ஸ் இருக்குன்னே வச்சுக்கங்க, முயலு, கௌதாரி, காட்டுக்காடை எதையும் தொட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம். 2022ல திருத்துனதுக்கப்புறம் நம்ம பொட்டல்ல ஓடுற முயல் ரெண்டாவது அட்டவணையில இருக்கு, மாட்டுனா 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம், துப்பாக்கியும் போயிரும். "எங்க ஐயா காலத்துல கானாடுகாத்தான் பக்கம் வேட்டைக்குப் போயி மூட்டையா கொண்டு வருவாக"ன்னு அண்ணன் ஆரம்பிச்சாரு. ஐயா காலம் முடிஞ்சு போச்சு அண்ணே. காடை ரோஸ்ட் வேணும்னா காரைக்குடியில எந்த மெஸ்ல வேணா பண்ணைக்காடை கிடைக்கும், மொளகு போட்டு சுடச்சுட.

அதுனால நம்ம ஆளுங்க கையில லைசென்ஸ் இல்லாம வர்றது ஏர் ரைஃபிள் மட்டுந்தான். அதுலயும் 2016 ஆயுத விதிப்படி ரெண்டு எல்லை இருக்கு: பேரல் ஓட்டை .177 அங்குலம் (4.5 மி.மீ.) தாண்டக்கூடாது, சக்தி 20 ஜூல் தாண்டக்கூடாது. இத இங்க ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து பெரிய வீடுகள்ல பரண்ல, ரெண்டாங்கட்டு ரூம்ல பழைய ஏர் கன் கெடக்கும், அந்தக் காலத்துல ரங்கூன்லேந்தோ மலேயாவுலேந்தோ வந்த ஜெர்மன் டயானா கம்பெனியோடதா இருக்கலாம், இல்ல நம்ம நாட்டு ஐ.ஹெச்.பி. கம்பெனியோடதா இருக்கலாம். எடுத்து தொடச்சு அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேரல் சைஸ் பாருங்க. அந்த மாதிரி பழசுல .22 சைஸ்லயும் வந்துருக்கு, அது ஏர் கன்னா இருந்தாலும் இந்தச் சலுகையில வராது. அதோட உள்ள லெதர் வாஷர் இருந்தா காஞ்சு சுருங்கியிருக்கும், அது எண்ணெய் குடிச்சு ஊறணும், அதுக்கு முன்னாடி அடிச்சா வெறும் காத்துதான் வரும்.

நான் வாங்குனது புதுசு, இந்தியாவுல செஞ்சது, ஸ்ப்ரிங் ரகம், பேரல மடக்கி லோடு பண்றது. ஸ்கோப் இல்லாம 11,000 ரூவா சொச்சம், கடையில ஆதார் காப்பி வாங்கி வச்சுக்கிட்டாங்க. கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை அந்த விலையில பல துப்பாக்கிக்கும் உள்ளதுதான். முதல் குறை டப்பா மேல போட்டிருக்க எஃப்.பி.எஸ்.சு, அதாவது குண்டு செகண்டுக்கு எத்தன அடி போகும்ங்கிற வேகம். 900னு போட்டிருந்தான். தெரிஞ்ச கிளப்புல க்ரோனோகிராஃப்ங்கிற வேகம் அளக்குற கருவி வச்சுப் பாத்தா 8 கிரெய்ன் பெல்லட்டுக்கு (ஏர் கன்னோட ஈயக்குண்டு) 650 கிட்டத்தான் வருது, அதாவது 10 ஜூலு. கடைக்காரர் என்னடான்னா "சார் இதுல முயல் விழும் சார்"ங்கிறாரு. விழாது, அடிபட்டு ஓடிப்போயி பொதர்ல கெடந்து சாகும். அந்தப் பேச்சு பேசுற கடையில பில்லையும் வாரண்டியையும் ரெண்டு தடவை பாத்து வாங்குங்க.

உண்மையச் சொன்னா எஃப்.பி.எஸ். கம்மியா இருக்கதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சில கம்பெனி இறகு மாதிரி லேசான பெல்லட்டப் போட்டு 1000த்துக்கு மேல காட்டுவான், சத்தத்தோட வேகத்துக்கிட்ட (1,100 எஃப்.பி.எஸ். சொச்சம்) போகப் போக பெல்லட் தள்ளாடும், குறி போயிரும். 650ல வர்ற துப்பாக்கிய மடக்கவும் லேசு, எங்க அண்ணமுண்டி (அண்ணன் சம்சாரம்) அறுபதைத் தாண்டுன மனுசி, அவங்களே மடக்கி அடிக்கிறாக.

குறி எப்படின்னா, 10 மீட்டர்ல ஒரு ரூவாக் காசுக்குள்ள அஞ்சும் விழுது, கையப் பொறுத்து. ஆனா இந்த இடத்துக்கு வர கொஞ்ச நாள் ஆகும், ஏன்னா ஸ்ப்ரிங் துப்பாக்கிக்கு ஒரு கிறுக்கு இருக்கு, பெல்லட் பேரல விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ள பிஸ்டன் ஓடி முட்டி துப்பாக்கி முன்னயும் பின்னயும் ஆடும், நீங்க இறுக்கிப் புடிச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி ஆடும், அதுனால முன்னாடி இருக்க கைய வெறும் திண்டு மாதிரி வச்சு துப்பாக்கிய அதுமேல லேசா சாச்சுக்கணும், தோள்ளயும் அழுத்தக்கூடாது. இது புடிபட்டுச்சுன்னா துப்பாக்கி பிரமாதம், புடிபடலன்னா "குறி சரியில்ல"ன்னு விக்கப் போட்ருவீங்க. ட்ரிக்கர் கனமா இருக்கு, நீளமா இழுபடுது, அதுக்கு அஞ்சுல ரெண்டு மார்க்கு.

ஸ்கோப்பு தனியா வாங்குனேன். அந்த முன்னபின்ன ஆட்டத்துல சாதா ஸ்கோப் கழண்டு லொடலொடன்னு ஆயிரும், ஏர் கன்னுக்குன்னு சொல்லிக் கேளுங்க, முன் லென்ஸ் திருகி 10 மீட்டருக்கு ஃபோகஸ் வைக்கிற மாதிரி இருக்கணும். பெரிய துப்பாக்கி ஸ்கோப்ப 100 கஜத்துக்கு செட் பண்ணிருப்பான், கிட்டக்க பாத்தா மங்கும், கண்ணை அசைச்சா குறி நகரும். ஆரம்பத்துல இரும்பு சைட்டே போதும்னு நினைக்கிறேன்.

சத்தம் கம்மி, மரக்கதவ பட்டுனு சாத்துன மாதிரிதான் இருக்கும், அடுத்த வீட்ல ஒருத்தரும் கேக்கல.

ரேஞ்சு எங்கன்னா, அங்கதான் நம்ம ஊருக்கு யோகம். முகப்புலேந்து வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நேர்க்கோட்டுல போற வீடு, 10 மீட்டர் என்ன அதுக்கு மேலயே கிடைக்கும், மழையிலயும் அடிக்கலாம். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் இதே .177தான், அந்த அட்டையில கருப்பு வட்டமே 30.5 மி.மீ., பத்து மார்க்குப் புள்ளி வெறும் அரை மி.மீ.! அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல தங்கம் வாங்குனது இதுலதான், நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் அடிக்கிறதும் இதுலதான். பின்கதவ உள்ளேருந்து பூட்டுங்க, குறுக்கே யாரும் வர வழி இருக்கக்கூடாது. அட்டைக்குப் பின்னாடி மரப்பெட்டியில ஈரக் களிமண்ண அமுக்கி வைங்க, பெல்லட் அதுல புதைஞ்சுக்கும். சுவத்துல, கல்லுல, இரும்புல பட்டா தெறிச்சு கண்ணுக்கு வரும், கண்ணாடி போடாம அடிக்கவே வேணாம். பர்மா தேக்குத் தூண்ல பட்டுச்சுன்னா போலீஸ் வேணாம், அப்பத்தாவே பாத்துக்குவாக.

லோடு பண்ணும்போது மடக்குன பேரல ஒரு கையால புடிச்சுக்கிட்டே பெல்லட் வைங்க, கைய விட்டு ட்ரிக்கர் நழுவுனா விரல் போயிரும். பெல்லட் இல்லாம வெறுமனயும் அடிக்காதீங்க, பிஸ்டனுக்குக் கேடு.

பள்ளத்தூர் அண்ணன் கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு, கடலையத் தோண்டித் தின்ற மயிலை ஒரு பெல்லட் போட்டு வெரட்டலாமான்னு. மயிலு முதல் அட்டவணை, குறைஞ்சதே 3 வருஷம். வலை போடுங்க, ஒளி தெறிக்கிற ரிப்பன் கட்டுங்க, காவலுக்கு ஆள் போடுங்க, துப்பாக்கி மட்டும் வேணாம். அந்தா திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில நாரைக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, நாம இங்க உக்காந்து மயிலச் சுடலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

பி.சி.பி.ங்கிற காத்து ரொப்புற ரகத்தப் பத்திக் கேப்பீங்க. ஆட்டம் இல்ல, குறி அபாரம், ஆனா விலை பல மடங்கு, அதுக்கு மேல பம்பு வேற, வீட்டுல அட்டை அடிக்கிறவருக்கு தண்டச் செலவு.

மொத்தத்துல என் துப்பாக்கிக்கு அஞ்சுக்கு மூணரை. பெல்லட்டுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், அட்டைக்கு தட்டைத்தலை வாங்குங்க, கூர்த்தலை வேணாம், ஓட்டை பிசுறடிச்சு மார்க்கு தெரியாது. ரெண்டு மூணு பிராண்டு சின்ன டப்பா வாங்கி அடிச்சுப் பாருங்க, ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொண்ணு ஒத்துப்போகும், எது ஒத்துப்போகுதோ அத மொத்தமா எடுத்துருங்க. எல்லாம் ஈயம், அடிச்சு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டுத்தான் காபி.