ஜெர்மனி சான்சன்கார்டு என்று சொல்லி 3,85,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அந்த நாடு தருகிற சான்சன்கார்டு விசாவுக்காக ஏதாவது ஆலோசனை நிறுவனத்தில் பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 3,85,000 ரூபாய் கட்டி ஏமாந்து நிற்கிறேன். நேற்று சாயங்காலம்தான் முழு விவரமும் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. எழுத்தில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியர், ஒன்பது வருட அனுபவம். மனைவி, நாலு வயசு மகள், அம்மா. அப்பா இல்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளிநாடு போகமாட்டேன் என்று இருந்தவன் நான். போலீசில் புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. வெளிநாட்டு வேலை, விசா ஆலோசனை என்று பலகை மாட்டிய ஓர் இரண்டாவது மாடி ஆபீஸ், அவ்வளவுதான்.

அவர்கள் காட்டிய சட்டங்கள் எல்லாமே உண்மை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஜெர்மனி 2023-இல் திறன் பணியாளர் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது உண்மை. 2024 ஜூன் 1 முதல் சான்சன்கார்டு நடைமுறைக்கு வந்ததும் உண்மை. கையில் வேலை இல்லாமலே அங்கே போய் ஒரு வருடம் வரை வேலை தேடலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்ததே, அந்தச் செய்தியை லேமினேட் செய்து மேசைமேல் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது அம்மாவையும் மனைவியையும் கூட்டிப்போனேன். அங்கே இருந்த கவுன்சிலர் பெண் எழுந்து வந்து அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, இனிப்பில்லாத டீ வரவழைத்தார். அப்புறம் ஜெர்மன் மொழியில் அச்சடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். ஒரே ஒரு பத்தியில் மட்டும் மஞ்சள் மார்க்கர் பூசியிருந்தது. "இது கவர்மென்ட் சட்டமுங்கம்மா. 2024 மார்ச்சுக்கு அப்புறம் போறவங்க அப்பா அம்மாவையும் கூட்டிக்கலாம். உங்க பேத்தியை அங்க ஸ்கூலுக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அம்மா மெதுவாக, "அங்க குளிரு ரொம்ப இருக்குமா கண்ணு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் முடிவு பண்ணிவிட்டேன். அன்றைக்கே 25,000 கட்டினேன்.

அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது யாருக்கு? 2024 மார்ச் 1 முதல் திறன் பணியாளர் அனுமதியோ புளூ கார்டோ (நல்ல சம்பள வேலை கிடைத்தவர்களுக்குத் தரும் அனுமதி) புதிதாக வாங்கியவர்களுக்கு. அதாவது வேலை கிடைத்து, சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. அவர்களும் பெற்றோரின் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். புளூ கார்டுக்கு 2025 கணக்குப்படி பொதுவாக வருடச் சம்பளம் 48,300 யூரோ வேண்டியிருந்தது. புளூ கார்டு கையில் இருந்தால் மனைவி ஜெர்மன் தேர்வு எழுதாமலே போகலாம், போய் வேலையும் பார்க்கலாம். சான்சன்கார்டு வெறும் வேலை தேடும் அனுமதி. அதை வைத்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்வது பொதுவாக முடியாது. புளூ கார்டுக்காரர்களின் சலுகையை எடுத்து என் பைலில் ஒட்டி விற்றிருக்கிறார்கள்!

இன்னொரு தில்லுமுல்லு கேளுங்கள். சான்சன்கார்டுக்குத் தகுதி பார்க்கும் புள்ளிக் கணக்கில் 'வாழ்க்கைத் துணை: 1 புள்ளி' என்று ஒரு வரி உண்டு. கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தகுதி பெற்றுச் சேர்ந்து விண்ணப்பித்தால் கிடைக்கிற புள்ளி அது. என் மனைவி பிளஸ் டூ வரைதான் படித்தவர். "பாருங்க சார், மனைவியைக் கூட்டிட்டு வந்தா ஜெர்மனியே மார்க் குடுக்குது" என்று அந்த வரியைக் காட்டி, மனைவி, மகள், அம்மா மூவருக்கும் 'டிபென்டன்ட் பைல்' போட 1,60,000 வாங்கினார்கள்.

பிறகு பிளாக்டு அக்கவுன்ட், அதாவது பணத்தைப் போட்டுவைத்து மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, 2025-இல் மாதம் 1,091 யூரோ வீதம் வருடத்துக்கு 13,092 யூரோ வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன் என்றேன். "அதை நாங்க காட்டிக்கிறோம் சார், சர்வீஸ் சார்ஜ் 2,00,000 மட்டும்." மனைவி நாலு பவுன் ஆரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்துக் கட்டினேன். அந்தக் கணக்கு என் பெயரில், என் பணத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மொத்தம் 3,85,000.

அதற்கப்புறம் ஏழு மாதம் அலைக்கழிப்பு. பைல் ஜெர்மனி டீமில் இருக்கிறது. மேடம் லீவு. அங்கே கிறிஸ்துமஸ் மாதிரி ஏதோ விடுமுறை (ஆகஸ்டில்!). சார் மீட்டிங்கில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் முதலில் நீல டிக் வரும், பதில் வராது. பிறகு ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. ஒருமுறை நேரில் போய் நின்றபோது, 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று ஒரு பிடிஎப் அனுப்பி என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

கூடப் படித்த நண்பன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். நேற்று வீடியோ காலில், "தூதரக போர்ட்டல் லாகின் யாருகிட்டடா இருக்கு?" என்று கேட்டான். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிடிஎப்பில் இருந்த பைல் நம்பரைப் படிக்கச் சொன்னான். படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. முதன்முதலில் 25,000 கட்டியதற்குக் கொடுத்த ரசீதின் எண்தான் அது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. விண்ணப்பமே போடவில்லை.

உடனே கிளம்பிப் போனேன். "ரீபண்ட் பாலிசி இல்லைங்க சார், அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் அதே பெண். கூடவே, "வேணும்னா வொர்க் பெர்மிட் பேக்கேஜுக்கு மாத்திக்கலாம், இன்னும் 1,20,000 மட்டும் கட்டுங்க" என்கிறார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

உஷாராக இருக்கச் சில விஷயம் மட்டும் வேகமாகச் சொல்கிறேன். விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவுத் துறையின் போர்ட்டலில் நீங்களே போடலாம், விசா கட்டணம் 75 யூரோ. உங்கள் கல்லூரியும் பட்டமும், வெளிநாட்டுப் படிப்புகளை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் 'அனாபின்' தளத்தில் எப்படி இருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். பட்டம் இணையானது என்று ஏற்கப்பட்டால் புள்ளிக் கணக்கே வேண்டாம். அந்தப் புள்ளியைக் கணக்குப் போடத்தான் என்னிடம் 25,000 வாங்கினார்கள். லாகினை யாரிடமும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிளாக்டு அக்கவுன்டுக்கு நாங்கள் பணம் காட்டுகிறோம் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்த முகவரா என்று பாருங்கள்.

இன்று காலை புகார் கொடுத்தேன், சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேத்திக்கு என்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார், ஒரு கை மட்டும் பாக்கி. கோவையில் இதே மாதிரி 'குடும்பத்தோடு ஜெர்மனி' என்று சொல்லிப் பணம் வாங்கப்பட்டவர்கள் இருந்தால், ரசீதைப் படம் எடுத்து எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். திங்கட்கிழமை மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறேன், சேர்ந்து போகலாம்.