2016 ஐபிஎல்: கோலியா, வார்னரா?

அந்த சீசனின் மதிப்புமிக்க வீரர் விருது விராட் கோலிக்குப் போனது. பவுண்டரி, சிக்சர், விக்கெட், கேட்ச் என்று புள்ளி போட்டுக் கொடுக்கும் விருது அது. 973 ரன், 4 சதம் அடித்தவரைத் தாண்டி யார் வர முடியும்? கையில் தையல் போட்டுக்கொண்டு பஞ்சாபுக்கு எதிராக 50 பந்தில் 113 அடித்தாரே, அதை இன்று பார்த்தாலும் சிலிர்க்கிறது.

ஆனாலும் என் ஓட்டு டேவிட் வார்னருக்குத்தான். பெங்களூரு அணியில் கோலிக்குத் துணையாக டிவில்லியர்ஸ் ஒருவரே 687 ரன் எடுத்தார். வார்னர் 848 எடுத்த ஹைதராபாத்திலோ, தவானின் 501-க்கு அடுத்து இருந்தது யுவராஜின் 236 தான். வென்றால்தான் இறுதிப் போட்டி என்ற இரண்டாவது தகுதிச் சுற்றைப் பாருங்கள். குஜராத்துக்கு எதிராக 163 வேண்டும், 117-க்கு 6 விக்கெட் போய்விட்டது. ஒரு முனையில் கடைசிவரை நின்று 58 பந்தில் 93 எடுத்து வென்று கொடுத்தார் வார்னர். அன்று அவர் அவுட்டாகியிருந்தால் கதை முடிந்தது. ஹைதராபாத்தின் பந்துவீச்சு வலுவானது, புவனேஷ்வரும் முஸ்தாஃபிசுரும் இருந்தார்கள், சரி. ஆனால் பந்துவீச்சாளர்கள் காப்பாற்ற ஒரு ஸ்கோர் வேண்டுமே, அதைப் பெரும்பாலும் போட்டுக் கொடுத்தவர் இவர்தான்.

இறுதிப் போட்டியில் கோலி 54, வார்னர் 38 பந்தில் 69. கோப்பை 8 ரன் வித்தியாசத்தில் ஹைதராபாத்துக்கு.