கபின் க்ரூ சம்பளமும் கொழும்பு வாடகையும்: வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா, நீர்கொழும்பா, டுபாயா?

வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு வீடு தேடத் தொடங்குகிறார்கள். கணக்குப் பிழைப்பது அங்கேதான். கபின் க்ரூ, அதாவது விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்களின் சம்பளம் மூன்று பங்காக வருகிறது: மாறாத அடிப்படைச் சம்பளமான பேசிக், பறந்த மணிக்கு ஏற்ற கொடுப்பனவு, வெளிநாட்டில் தங்கும் இரவுகளுக்கான லேஓவர் அலவன்ஸ். வீட்டு வாடகையோ மாதாமாதம் ஒரே தொகை. ஆகவே வாடகை, கரண்ட், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்ந்து, பறப்பு குறைந்த ஒரு மாதத்துச் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நல்ல மாதத்தை வைத்துப் பார்த்தால் எந்த வீடும் கட்டுப்படியாகும்.

பறந்த மணி என்பது பெரும்பாலான நிறுவனங்களில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரைதான். முன்கூட்டியே வந்து கையெழுத்து வைப்பதும், பயணிகளை ஏற்றி இருத்துவதும், தாமதமான விமானத்துக்குக் காத்திருப்பதும் அதில் சேராது. ஆண்டு லீவு, தடிமன் பிடித்துக் காது அடைத்துப் பறக்க முடியாத வாரம், வருடாந்தப் பாதுகாப்புப் பயிற்சி, அழைத்தால் போகத் தயாராக இருந்தும் அழைப்பு வராத ஸ்டாண்ட்பை நாட்கள் ஆகியவற்றுக்குப் பேசிக் வரும், மணிக்கொடுப்பனவு வராது அல்லது வெகுவாகக் குறையும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பறப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பல மாதங்கள் பேசிக்தான். புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கணக்கை மாதம் முடிந்த பிறகே கூட்டிக் கொடுப்பது வழக்கம் என்பதால், பறக்கத் தொடங்கிய முதல் மாதமும் வெறும் பேசிக்கோடு போய்விடும்.

இதை எண்களில் பார்க்கலாம். கீழே உள்ள ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடிதத்தில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ரீலங்கன் போன்ற உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் பேசிக் 75,000, மணிக்கொடுப்பனவும் லேஓவரும் சேர்த்து 1,25,000, மொத்தம் இரண்டு இலட்சம் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம். பேசிக்கில் மட்டும் கழித்தால் 6,000. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 1,50,000 வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் முதல் 83,333 ரூபாய்க்கு 6 சதவீதம். முழுத் தொகையும் வரிக்கு உட்பட்டாலும் 3,000தான். கையில் 1,91,000. பறப்பு குறைந்து அந்த 1,25,000 என்பது 50,000 ஆகும் மாதத்தில் கையில் 1,19,000. வீடு தேடும்போது மனதில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

வெள்ளவத்தையில் தனியாக ஒரு சின்ன ஃப்ளட் என்றால் வாடகை ஒரு இலட்சம், கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் 20,000, போக்குவரத்து 25,000, சாப்பாடு 35,000. மொத்தம் 1,80,000. நல்ல மாதத்தில் 11,000 மிஞ்சும், மோசமான மாதத்தில் 61,000 துண்டு விழும். கோவில், சாப்பாட்டுக் கடை, சொந்தக்காரர் எல்லாம் பக்கத்தில் என்பதற்காக யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள் முதலில் வெள்ளவத்தையைத்தான் கேட்பார்கள். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது, வெள்ளவத்தை இருப்பதோ தெற்கே. பேலியகொடையில் அதிவேக நெடுஞ்சாலை ஏறினால் 25.8 கிலோமீற்றரில் கட்டுநாயக்க. சிக்கல் அந்த பேலியகொடைக்குப் போய்ச் சேர்வதில். மாலை ஆறு மணிக்குக் காலி வீதியிலோ மரைன் டிரைவிலோ நகர்ந்து நகரத்தைக் கடப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். இரவு விமானத்துக்குப் போகிறவர் புறப்பட வேண்டியதும் அந்த நேரத்தில்தான். ஒருமுறை தாமதமாகி ரோஸ்டரிலிருந்து (பறப்புப் பணி அட்டவணை) இறக்கினால் அந்தப் பயணத்தின் மணிக்காசும் லேஓவர் காசும் சேர்ந்தே போகும்.

கொட்டாஞ்சேனையை இந்தக் கணக்கில் பலர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. அதுவும் தமிழர் நிறைந்த இடம், பேலியகொடை நுழைவாயிலுக்கு மிகக் கிட்ட, நகர நெரிசலைக் கடக்கத் தேவையில்லை. இருவர் பகிர்ந்தால் வாடகைப் பங்கு 40,000, பில்கள் 10,000, போக்குவரத்து 18,000, சாப்பாடு 30,000 என மொத்தம் 98,000. மோசமான மாதத்திலும் 21,000 கையில் நிற்கும். வீதிகள் ஒடுக்கம், பகலில் சத்தம் அதிகம். இரவு முழுக்கப் பறந்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமல்ல. வீதியைப் பார்க்காத அறையாகப் பாருங்கள். கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால் களனி ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹெந்தளைப் பக்கம்.

காசை மட்டும் பார்த்தால் நீர்கொழும்பும் சீதுவையும்தான். விமான நிலையம் பத்துக் கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குள். பகிர்ந்த வீட்டில் பங்கு 25,000, பில்கள் 8,000, போக்குவரத்து 8,000, சாப்பாடு 30,000, மொத்தம் 71,000. மோசமான மாதத்தில் 48,000 மிஞ்சும். கொழும்புக்கு 240ஆம் இலக்க பஸ்ஸும் புத்தளம் பாதை ரயிலும் இருக்கின்றன. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி அங்கேயே இருக்கிறது. ஆனால் ஓய்வு நாள் ஒவ்வொன்றுக்கும் கொழும்புக்கு ஓடி வருகிறவர் மிச்சம் பிடித்ததை பிக்மீ வாடகை வண்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் கொடுத்துவிடுவார். கொழும்பில் வேலை பார்க்கும் கணவனோ மனைவியோ இருந்தாலும் இந்தக் கணக்கு உடையும், அப்போது நடுவில் உள்ள வத்தளைதான் இருவருக்கும் பொருந்தும்.

எங்கே எடுத்தாலும் முதல் அடி அட்வான்ஸ். ஆறு மாத வாடகை, சில இடங்களில் ஒரு வருடம் என்று முன்பணமாகக் கேட்கிறார்கள். 40,000 வாடகைக்கு அது 2,40,000. பயிற்சிக் காலத்தில் இந்தக் காசு யாரிடம் இருக்கும்? வாடகையில் மாதாமாதம் கழியும் முன்பணமா, போகும்போது திருப்பித் தரும் வைப்பா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான் வருகிறது. பெண்கள் விடுதிகளில் இரவு கேட் பூட்டும் நேரத்தை முதலிலேயே கேளுங்கள். அதிகாலை இரண்டு மணிக்கு யூனிஃபோமில் இறங்குபவருக்குக் கேட் திறக்க மாட்டோம் என்பார்கள், அல்லது ஒரு மாதம் திறந்துவிட்டுப் பிறகு முணுமுணுப்பார்கள்.

கரண்ட் பில் கபின் க்ரூவுக்கு மற்றவர்களைவிடக் கூட வரும், காரணம் பகல் தூக்கம். ஒரு டன் ஏசி பகல் வெயிலில் ஏழு மணி நேரம் ஓடினால் 5 முதல் 7 யூனிட். மாதத்தில் பதினைந்து நாள் அப்படித் தூங்கினால் 75 முதல் 105 யூனிட் ஏசிக்கு மட்டும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டைத் தாண்டியதும் ஆரம்ப யூனிட்டுகளுக்கான மலிவு விலை போய்விடும், நிலையான கட்டணமும் கூடும். அனெக்ஸ் (வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய சின்ன வீடு) எடுப்பவர்கள் தனி மீற்றர் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வீட்டுக்காரரோடு ஒரே மீற்றர் என்றால் இரண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து 180 யூனிட்டைத் தாண்டி, நீங்கள் பாவித்த கொஞ்சத்துக்கும் உச்ச விலை கொடுக்க நேரும். தடித்த கறுப்புத் திரையும் நல்ல மின்விசிறியும் வாங்கிப் போடும் செலவு சில மாதங்களிலேயே திரும்பி வரும்.

டுபாய்க் கணக்கு வேறு மாதிரி. எமிரேட்ஸ் 2023 அளவில் வெளியிட்டிருந்த ஆரம்பத் தொகை பேசிக் 4,430 திர்ஹம், பறக்கும் மணிக்கு 63.75 திர்ஹம். 90 மணி பறந்தால் 10,167 திர்ஹம். வருமான வரி இல்லை. லேஓவர் சாப்பாட்டுக் காசு தனி. தளபாடத்தோடு பகிர்ந்த வீடு, தண்ணீர், கரண்ட், வேலைக்குப் போகவர வாகனம் நிறுவனத்துடையது. சாப்பாடு, ஃபோன், சொந்தச் செலவு 3,000 திர்ஹம் என்றால் ஒரு மணிகூடப் பறக்காத மாதத்திலும் பேசிக் மட்டுமே அதைத் தாங்கும். வளைகுடாவின் பலம் சம்பளத்தின் அளவைவிட இந்த இலவச வீட்டில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே நிறுவன வீட்டை விட்டு வெளியே தனியாகக் குடியேறத் தொடங்கினால் அந்தப் பலம் கரைந்துவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். குறைந்தது 21 வயது, கால் நுனியில் நின்று 212 சென்ரிமீற்றர் எட்ட வேண்டும் போன்ற நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பத்துக்கு நிறுவனம் காசு வாங்காது. இடைத்தரகர் கேட்டால் விலகுங்கள். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவது கட்டாயம். நோயாளிப் பெற்றோரைப் பார்க்க வேண்டியவருக்கு, ஓய்வு நாளில் வீட்டில் இருக்க முடிவது எந்தத் திர்ஹத்தைவிடவும் பெரிது. கொழும்பிலேயே சொந்த வீடோ பெற்றோர் வீடோ இருப்பவர் வாடகையே இல்லாமல் உள்நாட்டு நிறுவனத்தில் இருந்தால் தாராளமாகச் சேமிக்கலாம். அவரை டுபாய்க்குப் போ என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

லேஓவர் அலவன்ஸ் எந்த நாணயத்தில் என்பதும் பெரிய வேறுபாடு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. ரூபாயில் மட்டும் வாங்கியவரின் சம்பளம் சந்தையில் சுருங்கியது, டொலரோடு கட்டப்பட்ட கொடுப்பனவு இருந்தவர் ஓரளவு தப்பினார்.

நீண்ட காலக் கணக்கில் உள்நாட்டு வேலைக்கு ஒரு பிடி இருக்கிறது. சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் போட வேண்டும். ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. அமீரகத் தொழிற்சட்டப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், பிறகு 30 நாள். 4,430 திர்ஹம் பேசிக்கில் 21 நாள் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 3,100 திர்ஹம். இரண்டு பக்கமும் கணக்கு பெரும்பாலும் பேசிக்கில்தான் ஓடுகிறது. மொத்தம் பெரிதாகவும் பேசிக் சின்னதாகவும் உள்ள கடிதம் வந்தால், கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்: சேமலாப நிதி எந்தத் தொகையில் கழிகிறது, மாதத்துக்கு உத்தரவாதமான குறைந்தபட்ச மணி உண்டா, ஊழியரை ஏற்றி இறக்கும் வான் வண்டி எந்த ஊர் வரை வரும், பயிற்சிப் பிணையை (பயிற்சிக்குப் பிறகு குறித்த காலம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) உடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்.