சிரித்தால் ஈறு தெரிகிறது என்று போனோம்: திருச்சி தில்லைநகர் பல் கிளினிக்

காலேஜ் சேர்ந்ததிலிருந்து என் மகள் துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். சிரித்தால் மேல் ஈறு நிறையத் தெரியும். முன்பு வேறோர் இடத்தில் காட்டினோம். வாயைப் பார்த்ததுமே தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி என்றார்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

இங்கே ஈறு சிகிச்சை டாக்டரம்மா முதலில் அளந்துதான் பார்த்தார். உதடு சும்மா இருக்கும்போது எவ்வளவு நீளம், சிரித்தால் எவ்வளவு மேலே ஏறுகிறது, பல் எவ்வளவு தெரிகிறது, எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில். வலிப்பு மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் ஈறைத் தடிக்க வைக்குமாம், அதையும் விசாரித்தார். ஒன்றிரண்டு மி.மீ. ஈறு தெரிவது சகஜம். மூன்று நான்கைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும் என்றார். உதட்டைத் தூக்கும் தசை அதிகமாக இழுத்தால் போடாக்ஸ் உதவும், ஆனால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். மேல்தாடை எலும்பே நீளமாக வளர்ந்திருந்தால் தாடை ஆபரேஷன் வரை போகும். என் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. பல் முளைத்த பிறகு ஈறு மேலே ஒதுங்காமல் பல்லை மூடியபடி நின்றுவிட்டது. முன்பல் 10, 11 மி.மீ. இருக்க வேண்டும், அவளுக்கு வெளியே தெரிந்தது 8தான்.

மரத்துப்போக ஊசி போட்டு, அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு வழியாக எலும்பில் முட்டும்வரை இறக்கிப் பார்த்தார். எலும்பு ஈறு விளிம்புக்கு ரொம்பக் கிட்டே இருந்தது. லேசரில் ஈறை மட்டும் வெட்டினால் திரும்ப வளர்ந்துவிடும் என்று, ஈறை விலக்கி எலும்பையும் கொஞ்சம் செதுக்கித் தையல் போட்டார். இந்த ஒரு சோதனைக்காகவே இவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

கொஞ்ச நாள் வீக்கம், தயிர்சாதம், பச்சைத்தண்ணீர் பட்டால் கூச்சம். ஈறு கடைசியாக எங்கே நிற்கும் என்பது தெரியச் சில மாதம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. இப்போது பல் முழுசாகத் தெரிகிறது, துப்பட்டா தோளிலேயே இருக்கிறது.

குறை என்றால் காத்திருப்புதான். ஐந்து மணி என்று சொல்லி ஆறரைக்குக் கூப்பிடுகிறார்கள். எக்ஸ்ரேக்குத் தனிக் காசு, அதை முதலிலேயே சொல்லலாம். எங்களைப்போல் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.