பாமினி பழுதானால் கரடிப்போக்குக் கடைக்குப் போங்கள்

வேர்ட் திறக்கும்போதே இறுகி நிற்கிறது, ஒரு கடிதம் தமிழாகவும் அடுத்தது வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் தெரிகிறது. இப்படி ஒரு மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினால் 'போமட் பண்ணித்தான் தரலாம்' என்பதுதான் நான் கேட்ட கடைகளில் கிடைத்த பதில். கிளிநொச்சியில் ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்தி தாண்டிப் பரந்தன் பக்கமாக இருக்கும் சின்னப் போட்டோகொப்பிக் கடையில் அப்படிச் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கைகள், கமநல சேவை நிலையத்துக்குப் போகும் கடிதங்கள் எல்லாமே பல வருடமாகப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்தவை. காலபோகம் தொடங்கும் நேரத்தில் அவை திறக்காவிட்டால் என்ன பாடு என்று கமத்தோடு இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடையில் இருந்த தம்பி முதலில் கொன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி வேர்டைத் திறந்தார். அப்படித் திறந்தால் அது சேஃப் மோடில், பிறகு சேர்த்த செருகல்கள் எதுவும் இல்லாமல் வரும். அப்போதும் இறுகியது. அப்புறம் எக்செல்லில் பாமினியைப் போட்டுப் பார்த்தார், அங்கேயும் அதே கதை. "அக்கா, ஒஃபிஸில பிழையில்லை, பொன்ட் ஃபைல்தான் பழுது" என்றார். எழுத்துருக் கோப்புறையில் பாமினி இரண்டு தரம் கிடந்தது, அதில் ஒன்றைத் திறக்கப் போனால் இது சரியான எழுத்துருவே இல்லை என்று விண்டோஸே சொன்னது. இரண்டையும் அழித்தார், எழுத்துரு விவரங்களை விண்டோஸ் சேர்த்து வைத்திருக்கும் கேஷையும் துடைத்தார் (இதை விட்டால் பழைய பழுது திரும்பவும் தலைகாட்டக்கூடும்), கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டு, தன்னிடமிருந்த நல்ல கோப்பை எல்லாப் பயனர்களுக்குமாகப் பதிந்தார். எங்கள் கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை. போமட்டுக்கு மற்றக் கடைகளில் கேட்ட காசில் பாதிகூட வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, காரணத்தையும் இருந்து விளக்கியது. பாமினி யூனிகோட் (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் தரும் பொதுக் குறியீட்டு முறை) எழுத்துரு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. எழுத்துரு போனால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஆகவே அப்படித் தெரிந்தால் எழுதியது பத்திரமாகத்தான் இருக்கிறது, பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். சதுரப் பெட்டிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் யூனிகோட் கோப்பு, போட்டிருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் சரி.

குறையும் இருக்கிறது. உறுப்பினர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித் தரக் கேட்டேன், முழுக் கோப்பையும் அப்படியே எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டுவிட்டார். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் வரும் ஆங்கில வி எல்லாம் 'ஏ' ஆகிவிட்டது, ஏனென்றால் பாமினியில் பெரிய வி இருக்கும் இடத்தில் இருப்பது ஏ. எக்ஸ் வந்த இடங்களில் 'ஓ'. நான் காட்டியதும் முகம் சுளிக்காமல் அந்த இலக்கங்கள் இருந்த நிரலை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டித் தந்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. ஆனாலும் உர மானியப் பட்டியல் அப்படியே போயிருந்தால் எத்தனை கமக்காரர் அலைந்திருப்பார்கள்! மாற்றித் தரக் கேட்கிறவர்கள் அடையாள அட்டை நிரலையும் ஆங்கிலப் பெயர்களையும் தனியே வைக்கச் சொல்லுங்கள், வாங்கும்போது அங்கேயே வரிவரியாகப் பாருங்கள்.

இந்த வேலை தெரிந்தவர் அங்கே அந்தத் தம்பி ஒருவர்தான். கோப்புகளின் பிரதியொன்றைப் பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். பாடசாலை விட்ட பிறகு போட்டோகொப்பிக்குப் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள், அவருக்குக் கணினிப் பக்கம் திரும்பவே நேரம் இருக்காது.